கணவர் நினைவாக உதவித்தொகை: டிரஸ்ட் தொடங்க வேண்டுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். வயது 64, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. உருக்காலையில் இன்ஜினீயராக இருந்த என் கணவர் போன வருடம் தவறிவிட்டார். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் கஷ்டப்பட்டுப் படித்தவர். அவர் பெயரில், வசதியில்லாத பொறியியல் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க 15 லட்சம் ஒதுக்க ஆசை. சொந்த வீடு, மாதம் 38,000 பென்ஷன், வங்கியில் எல்லாம் சேர்த்து 42 லட்சம். டிரஸ்ட் தொடங்கினால் வரி மிச்சம் என்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகனுக்கு இதில் அரைமனதுதான். என்ன செய்யலாம்?

பதில்: டிரஸ்ட் வேண்டாம் அம்மா. பத்திரப் பதிவு, வருமான வரித்துறையில் பதிவு, அதைப் புதுப்பிப்பது, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம் என்று 15 லட்சத்தின் வட்டியில் ஒரு பங்கு காகிதத்துக்கே போய்விடும். ஒரு கோடி இருந்தால் வேறு பேச்சு.

வரி மிச்சம் என்பது உங்கள் விஷயத்தில் வெறும் பேச்சு. பென்ஷன் ஆண்டுக்கு 4.56 லட்சம். 42 லட்சத்துக்கு 7% வட்டி என்றால் 2.94 லட்சம். இரண்டும் சேர்ந்து ஏழரை லட்சம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வரி விலக்கும் பழைய முறையில் இருப்பவர்களுக்குத்தான். ஆகவே பணம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கில் ஏறும். 15 லட்சத்தை அங்கே தனியாகப் போடுங்கள். மீதி 27 லட்சத்தில் கை வைக்காதீர்கள். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு இருந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு அதோடு நிற்பதில்லை.

யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5% ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஆனால் உங்கள் தெருவிலேயே பாருங்கள்: தறி ஓட்டிக்கொண்டே மகளைக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் படிக்க வைத்தவருக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர் வீட்டிலும் இதே கதை. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் பையன்களையும் உதவி செய்கிறவர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். முதலாண்டில் சேரும்போது கைகொடுக்க நான்கு பேர் இருப்பார்கள், பேப்பரில் செய்தி வந்தால் இன்னும் இரண்டு பேர். இரண்டாம் ஆண்டு மெஸ் பில்லுக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் ஆண்டுக்கு ஒருவராக, இரண்டாம் ஆண்டு மாணவரைத் தேர்ந்தெடுத்து, படிப்பு முடியும்வரை வருடம் 25,000 கொடுங்கள். முதல் வருடம் ஒருவர், அடுத்த வருடம் இருவர், மூன்றாம் வருடத்திலிருந்து எப்போதும் மூவர், அதாவது 75,000. வட்டி 7% என்றே வைத்தாலும் 1,05,000 வரும். முதல் இரண்டு வருடத்தில் மட்டும் 1,35,000 மிஞ்சும். பிறகு ஆண்டுக்கு 30,000. அதைச் செலவழிக்காமல் தனி டெபாசிட்டில் போட்டு வாருங்கள். விலைவாசி ஏற ஏற 25,000-ஐ 30,000 ஆக்க அதுதான் கைகொடுக்கும்.

அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் குறைவு. சாப்பாடு, தங்கல், பஸ்தான் பாரம். ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளை 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி தினமும் கருப்பூர் வந்து போவது நடக்கிற காரியமா? எனவே ‘கல்விக் கட்டணத்துக்கு மட்டும்’ என்று நிபந்தனை போடாதீர்கள். பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ‘அரியர் இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனையும் வேண்டாம். ராத்திரி வேலைக்குப் போய்ப் படிக்கிற பையனுக்குத்தான் அரியர் விழும். படிப்பைத் தொடர்கிறாரா என்று பாருங்கள், போதும். மேடையில் அட்டையில் செய்த பெரிய செக்கைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பது எனக்குப் பிடிக்காது. உங்கள் கணவரும் அப்படி நிற்க விரும்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆளை நீங்களே தேடாதீர்கள், வீட்டு வாசலில் சிபாரிசு வரிசை கட்டும். கல்லூரி முதல்வரிடம் பேசி, துறைத் தலைவர்கள் தரும் பெயர்களிலிருந்து எடுங்கள்.

மூன்று நான்கு வருடம் இப்படி நடத்திப் பார்த்தபின், கல்லூரியிலேயே அவர் பெயரில் நிரந்தர வைப்புநிதி வைக்கலாமா என்று யோசியுங்கள். கொடுத்த பணம் திரும்பாது. அதனால் யார் தேர்வு செய்வார்கள், ஆள் கிடைக்காத வருடத்தில் வட்டி எங்கே போகும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மகன் விஷயம்: இந்தக் கணக்கில் அவர் பெயரை நாமினியாகப் போட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பவர்தான். உங்களுக்குப் பின் இந்த 15 லட்சம் கல்லூரிக்குத்தான் என்றால் அது உயிலில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கட்டாயம்; பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். எழுதும் முன் மகனை ஒரு வார இறுதியில் வரச்சொல்லி, 27 லட்சமும் வீடும் அப்படியே இருக்கிறது என்ற கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.