ஸ்கூட்டரைக் குட்டியானையில் ஏற்ற சாய்வுப் பலகை எவ்வளவு நீளம் வேண்டும்?

சாய்வுப் பலகை என்பது தரையையும் வண்டித் தட்டையும் இணைக்கும் சரிவான பாதை. உயரத்தைப்போல் மூன்று மடங்காவது நீளம் வையுங்கள். தட்டு 70 செ.மீ. உயரம், ஸ்கூட்டர் 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 210 செ.மீ. பலகையில் ஏறக்குறைய 37 கிலோவைத் தூக்கும் பலம் போதும்; பாதி நீளம் என்றால் 73 கிலோ! ஏற வேண்டிய உயரம் அதேதான், அதை நீண்ட தூரத்துக்குப் பங்கிடுகிறோம். மார்த்தாண்டம் மேம்பாலம் தூரத்திலிருந்தே மெல்ல ஏறுவதும் இதற்காகத்தான்.

நீளப் பலகை நடுவில் வளையும், அடியில் முட்டு கொடுங்கள். அப்புறம், நம்ம குமரி மழையில் நனைந்த மரம் பயங்கரமாக வழுக்கும். குறுக்கே சட்டம் அடித்தே ஆக வேண்டும்.

பலகை கனமாக இருந்தால் நகராது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் என்ஜினை ஓடவிட்டு ஏற்றும்போது சக்கரம் பலகையைப் பின்னுக்குத் தள்ளும், அதனால் மேல்முனையைத் தட்டோடு இறுக்கிக் கட்டுங்கள்.