வாசகர் கேள்வி – பதில்: இடம் மாறும் குழந்தைகள்

கேள்வி: மும்பை தாராவியில், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் அளிக்கும் சிறிய அறக்கட்டளையை நடத்துகிறேன். மறுசீரமைப்பால் குடும்பங்கள் சிதறிவிடுமோ என்று அஞ்சுகிறேன்; நன்கொடையும் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: கட்டடத்தைவிடப் பயிற்சியின் தொடர்ச்சியையே முதலில் காப்பாற்றுங்கள். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்குச் சில மாதங்கள் பயிற்சி நின்றாலும் தசைகள் இறுகக்கூடும் என்பதால், ஒவ்வொரு குழந்தையின் பயிற்சிக் குறிப்பையும் தமிழிலும் மராத்தியிலும் எழுதித் தாயிடம் கொடுத்து, வீட்டில் செய்ய வேண்டியவற்றை அவரையே உங்கள் கண்முன் செய்யவையுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று நம்மவர்கள் தயங்குவது எனக்கும் தெரியும். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, குடியேறும் இடத்துக்கு அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இடம் மாறுமுன் சான்றிதழ், காப்பீடு இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் செய்துவிடுங்கள்.

ஊழியர்களிடம் நிதிநிலையை மறைக்காதீர்கள். சம்பளம் தாமதமாகுமென்றால் மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.