பதில்: எண்ணூரிலிருந்து கிண்டிக்கு பைக் இல்லாமல்

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் பைக் ஓட்ட பயம், எண்ணூரிலிருந்து கிண்டிக்கு வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயம்தான், அந்தத் தூசியும் சேர்த்து.

கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து வரும் லோக்கல் ரயிலில் விம்கோ நகரில் இறங்கி மெட்ரோ பிடியுங்கள். 2021-ல் பாதை அதுவரை நீண்டதிலிருந்து விமான நிலையம் போகும் நீலத்தடத்திலேயே, எங்கும் மாறாமல் கிண்டி போய்விடலாம், ஏறுவது கிட்டத்தட்ட கடைக்கோடி என்பதால் காலையில் உட்கார இடமும் கிடைக்கும். கட்டணம் கையைக் கடித்தால் லோக்கலிலேயே கடற்கரை ஸ்டேஷன் போய், அங்கே தாம்பரம் ரயிலுக்கு மாறுங்கள், சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் நம் பக்கம் லோக்கல் அடிக்கடி வராது, சரக்கு ரயிலுக்காக நிறுத்தியும் வைப்பார்கள். நேரத்துக்குப் போகவேண்டிய வேலை என்றால் மெட்ரோதான். அப்புறம், வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு பழைய சைக்கிள் போதும், நல்ல பூட்டாக வாங்குங்கள்.