ஒன்றாய்த் தோற்றது, தனித்தனியாய் ஜெயித்தது

அன்புள்ள ஐயா,

அடிமைமுறை பற்றிய வடக்கு-தெற்குத் தகராறைத் தீர்க்க வந்த அமெரிக்காவின் 1850 சமரசத்தில் ஒன்று புரியவில்லை. செனட்டர் ஹென்றி கிளேயின் மசோதா ஜூலையில் தோற்கிறது. செப்டம்பருக்குள் அதே ஷரத்துகள் சட்டமாகிவிடுகின்றன. இடையில் யார் மனம் மாறினார்கள்?

சே.

அன்புள்ள சே.,

மனம் மாறியவர்கள் சொற்பம். மாறியது ஓட்டெடுத்த விதம்.

கிளே ஒரே மசோதாவாகக் கட்டிய மூட்டைக்குள் இருந்தவை கலிஃபோர்னியாவை மாநிலமாகச் சேர்ப்பது, யூட்டா, நியூ மெக்சிகோ பிரதேசங்களுக்கு அரசு அமைப்பது, டெக்சாஸ் எல்லை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சட்டமும், தலைநகரில் அடிமை வியாபாரத் தடையும் முதலிலிருந்தே தனி மசோதாக்கள். ஒன்று வேண்டுமென்றால் மற்றதையும் விழுங்குவார்கள் என்பது கிளேயின் கணக்கு. நடந்தது நேர்மாறு. ஏதாவது ஒன்றைப் பிடிக்காதவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஜூலை 31 அன்று ஷரத்துகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து யூட்டா மட்டுமே மிஞ்சியது. கிளே ஓய்வுக்காக நியூபோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

பிறகு வடக்கத்திய செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் மூட்டையைப் பிரித்தார். அடிமைமுறை இல்லாத மாநிலமாகக் கலிஃபோர்னியாவைச் சேர்க்க வடக்கோடு தெற்கத்தியர் சிலர் சேர்ந்தால் போதும்: செனட்டில் 34க்கு 18. தப்பியோடியவர்கள் சட்டத்துக்குத் தெற்கோடு வடக்கத்தியர் சிலர்: 27க்கு 12. அன்றைய செனட்டில் 60 இடங்கள், கூட்டிப் பாருங்கள். 21 ஓட்டுகளைக் காணோம். எதிர்த்து ஓட்டளித்துத் தெற்கைப் பகைக்கவும் மனமில்லை, ஆதரித்து ஊருக்குத் திரும்பவும் முடியாது என்ற நிலையில் இருந்த வடக்கத்தியர் பலர் அதில் அடக்கம். டக்ளஸே அன்று ஓட்டுப் போடவில்லை!

பிரதிநிதிகள் சபையில் டெக்சாஸையும் நியூ மெக்சிகோவையும் மறுபடி சேர்த்துக் கட்டியும் 108க்கு 97தான். நியூ மெக்சிகோ பக்கம் உரிமை கோரிய நிலத்தை டெக்சாஸ் விட்டுக்கொடுக்க மத்திய அரசு தந்தது 1 கோடி டாலர் பத்திரங்கள். டெக்சாஸின் பழைய கடன் பத்திரங்களை வைத்திருந்தவர்கள், தங்கள் கடன் வசூலாகும் என்று, இதற்காக வாஷிங்டனில் எவ்வளவு ஓடியாடியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முட்டுக்கட்டையாக இருந்த ஜனாதிபதி டெய்லர் ஜூலை 9 அன்று இறந்து, சமரசத்துக்கு ஆதரவான துணை ஜனாதிபதி ஃபில்மோர் அவர் இடத்துக்கு வந்ததும் உதவியது.

ஆகவே இதைச் சமரசம் என்பது எனக்கு உறுத்துகிறது. இரு தரப்பிலும் பெரும்பாலோர் தத்தம் பங்குக்கு மட்டுமே ஓட்டுப் போட்டார்கள்.

விலை கொடுத்தவர்கள் சபைக்கு வெளியே இருந்தார்கள். தப்பியோடியவர்கள் சட்டப்படி, பிடிபட்டவர் தன் வழக்கில் சாட்சி சொல்லக்கூடாது, ஜூரி கிடையாது. அடிமை என்று தீர்த்து அனுப்பினால் வழக்கை விசாரிக்கும் கமிஷனருக்கு 10 டாலர், விடுவித்தால் 5. திருப்பி அனுப்பப் பத்திரம் எழுதும் வேலை அதிகமாம், அதற்குத்தான் கூடுதல் 5 டாலர் என்றார்கள். தப்ப உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை.