கடற்கரையா, ரப்பர் விளையா? குமரி மாவட்ட ஓட்டக் கேள்விகளுக்கு ஒரு பி.டி. சாரின் பதில்கள்

பள்ளிக்கூட மைதானத்தில் முப்பது வருடம் விசில் ஊதியவன் நான். விசிலை மாட்டி வைத்தாயிற்று, காலை ஓட்டத்தை மட்டும் விடவில்லை. நம் மாவட்டத்தில் எங்கே, எப்போது ஓடலாம் என்று ஒரு வாரமாக வந்து சேர்ந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். கேட்டவர்கள் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

பார்வதிபுரத்திலிருந்து: சார், எனக்கு 34 வயது, 86 கிலோ. இதுவரை ஓடியதே இல்லை. மணலில் ஓடினால் மூட்டுக்கு நல்லது என்கிறார்கள். சொத்தவிளை பீச்சிலேயே ஆரம்பிக்கலாமா?

மூட்டுக்கு இதம்தான் மக்களே, கெண்டைக்காலுக்குத்தான் ஆபத்து. உலர்ந்த மணலில் ஓட, தார் ரோட்டை விட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கால் புதையப் புதைய குதிகால் கீழே போகும், பின்தசைநார் இழுபடும். முதல் நாளே அரை மணி நேரம் ஓடினால் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். முதல் மாதம் நடையும் ஓட்டமுமாக, அலை வந்து போன ஈர மணலில் மட்டும் போங்கள். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும், பாதம் புதையக் கூடாது. அதுதான் அளவு.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். சொத்தவிளையில் மணக்குடியைப் பார்த்து ஓடினால் கடல் வலது கைப்பக்கம், அதனால் வலது கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். நான் ஒரு காலத்தில் ஒரே திசையில் ஓடிவிட்டுத் திரும்ப பஸ்ஸில் வருவேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. மூன்றாம் வாரம் இடுப்பில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது, குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. ஆகவே போன தூரத்தை அப்படியே திரும்பி ஓடுங்கள், இரண்டு காலுக்கும் கணக்கு சரியாகிவிடும்.

கரையிலேயே போய்க்கொண்டே இருக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் பொழி குறுக்கே வரும். பாலம் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். (பழைய பாலத்தை 2004 சுனாமி தூக்கி எறிந்தது, இப்போது இருப்பது பிறகு கட்டியது.) நம் கடற்கரை முழுக்க இப்படித்தான். கொஞ்சம் மணல், அப்புறம் பாறை, பொழி, தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கப் போட்ட கல்வரிசை), ஒரு ஊர். அதற்கேற்றபடி துண்டு துண்டாகத்தான் ஓட்டத்தை அமைத்துக்கொள்ள முடியும்.

கன்னியாகுமரியிலிருந்து: நானும் நண்பனும் வட்டக்கோட்டை வரை ஓட ஆசைப்படுகிறோம். ரோடு எப்படி?

ஏறத்தாழ ஆறு, ஏழு கி.மீ. வரும், சின்னமுட்டம் வழியாகப் போகலாம். டச்சுப் படை அதிகாரியாக வந்து திருவிதாங்கூர் படைத்தலைவரான டிலனாய் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கருங்கல் கோட்டை அது, கடல் வந்து அதன் அடியில் மோதும். ஓடி முடித்து மூச்சு வாங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம். விடியும் முன்னே ஐஸ் வண்டியும் மீன் வண்டியும் அந்த ரோட்டில் பறக்கும். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் ரோடு அமைதியாகக் கிடக்கும். மேற்கே குளச்சல் பக்கம் தடை ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம், ஓடுகிறவர்களுக்கு இது ஒரு சௌகரியம்!

இரண்டாவது காற்று. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். வட்டக்கோட்டைக்குப் போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும், நீங்களும் பெரிய வீரர் போலப் பறப்பீர்கள். திரும்பும்போது மணலை வாரி முகத்தில் வீசும். அந்த மாதங்களில் முதலில் மேற்கே இருக்கிற கோவளம் பக்கம் எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். சூரிய உதயம் ஜூனில் ஆறு மணியை ஒட்டி, ஜனவரியில் ஆறரைக்கு மேல். அதனால் தை மாதம் ஐந்தரைக்குக் கிளம்பினால் கும்மிருட்டு. வெள்ளை பனியன் போட்டுக்கொள்ளுங்கள்.

சுசீந்திரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி: 41 வயது. தனியாக ஓடத் தயக்கம், அதைவிட நாய்ப் பயம்.

தங்கச்சி, உங்களுக்குக் கடற்கரையே வேண்டாம். தேரூர் குளத்தங்கரை பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் வயலுக்குப் போகிறவர்கள், நடக்கிறவர்கள் என்று ஆள் நடமாட்டம் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வந்து இறங்கும் பறவைகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு நடை போய்வரலாம். சானல்கரையும் (பாசனக் கால்வாய்க் கரை) நல்ல நிழல்தான், ஆனால் ஆளில்லாத நீளம் அதிகம். துணைக்கு ஆள் கிடைத்த பிறகு அங்கே போங்கள்.

நாய் துரத்துவது நாம் ஓடுவதால். குரைத்துக்கொண்டு வந்தால் உடனே நடைக்கு மாறுங்கள். முதுகைக் காட்டாமல், கண்ணை நேராக முறைக்காமல், மெல்ல விலகுங்கள். கல்லை எடுக்க வேண்டாம், எடுத்தால் நாளைக்கும் உங்களை ஞாபகம் வைத்திருக்கும். பல் பட்டுவிட்டால், கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

குளச்சலிலிருந்து: சார், போலீஸ் தேர்வுக்கு பீச்சில் ஓடிப் பழகுகிறேன். 1500 மீட்டர் 9 நிமிடம் ஆகிறது. பயமாக இருக்கிறது.

மணலில் எடுத்த நேரத்தை வைத்துப் பயப்படாதே மக்களே. தேர்வு தரையில்தான் நடக்கும். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் 400 மீட்டர் மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று, ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. வாரத்தில் மூன்று நாள் மைதானத்தில் இந்தக் கணக்கை வைத்து ஓடு. முதல் சுற்றை 1.35-ல் ஓடிக் காட்டுகிற பையன்கள்தான் மூன்றாவது சுற்றில் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். மணல் வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

குலசேகரத்திலிருந்து: பெங்களூரில் இருந்து ஊர் திரும்பிவிட்டேன். கீரிப்பாறை, காளிகேசம் காட்டுக்குள் ஓடலாமா?

கூடாது. அது வனவிலங்கு சரணாலயம், யானை நடமாடும் காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அனுமதி கிடைத்தாலும், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வளைவில் திரும்பி யானை முன்னால் போய் நிற்க வேண்டுமா?

உங்கள் ஊரைச் சுற்றி ரப்பர் விளை (தோட்டம்) இருக்கும்போது காடு எதற்கு? வெயில் ஏறினாலும் உள்ளே குளிர்ச்சி, மண் பாதை, ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு. விளைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பால்வெட்டுகிறவர்கள் இருட்டிலேயே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். திடீரென்று பின்னாலிருந்து ஓடி வந்தால் அவர்கள் கையில் இருப்பது கத்தி. தூரத்திலேயே குரல் கொடுங்கள்.

ஆவணி வாக்கில் ரப்பர் காய் வெடிக்கும். பட் பட்டென்று சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் பாதை முழுக்கப் புள்ளி போட்ட கொட்டைகள். சரிவில் அது கோலிக்குண்டுதான். நான் ஒருமுறை கால் வழுக்கி உட்கார்ந்த நிலையிலேயே பத்தடி இறங்கியிருக்கிறேன். சுற்றிலும் ஆள் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மழைக்காலத்தில் அட்டை வேறு. சாக்ஸுக்குள் பேன்ட்டைச் சொருகி, கையில் ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாக்கமங்கலத்திலிருந்து: காற்றும் மழையும் இல்லாத நாளில் அலையை ஒட்டி ஓடுவதில் என்ன பயம்?

அந்த நாளில்தான் பயம். கள்ளக்கடல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து ஏறும். 2024 மே மாதம் உங்கள் பக்கத்து கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் கடலில் மூழ்கி இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். எச்சரிக்கை வந்தால் அன்று கரைப்பக்கமே வேண்டாம், ரோட்டில் ஓடுங்கள். மற்ற நாளிலும் பாறைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒடுக்கமான மணலில் போகாதீர்கள். அலை வந்தால் ஏறி ஒதுங்க வழி இருக்காது.

தக்கலையிலிருந்து: ஓடும் முன் என்ன சாப்பிடலாம்?

இரண்டு மட்டி வாழைப்பழம். முடித்ததும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர். கடையில் விற்கிற கலர் தண்ணீருக்குக் காசு போட வேண்டாம்.

கொட்டாரத்திலிருந்து: மருந்துவாழ் மலையில் ஓடி ஏறலாமா?

ஏறுவது நடையாகவே இருக்கட்டும், அதுவே நுரையீரலுக்குப் போதும். இறங்கும்போது ஓடவே கூடாது, முட்டியின் ஆயுள் அங்கேதான் குறையும். கையில் பழம் தெரிய வைத்துக்கொண்டால் குரங்கு வாங்கிக்கொள்ளும்.

முட்டத்திலிருந்து: கேள்வி இல்லை சார், புகார். காலையில் ஓட வருகிறவர்கள் காயப்போட்ட வலை மேலேயே மிதித்துப் போகிறார்கள். கரையில் நின்று கரமடி வலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

நியாயமான கோபம். ஓட வருகிற நமக்கு அது பீச், அவர்களுக்குத் தொழில் செய்யும் இடம். ஷூ முள்ளில் மாட்டி வலைக்கண் ஒன்று அறுந்தால், உட்கார்ந்து அதை முடிவதற்கு ஒருவரின் பாதி காலை போய்விடும். வலை கிடந்தால் மேல்பக்கமாகச் சுற்றிப் போங்கள். கயிறு கடலிலிருந்து கரைக்கு இழுபட்டுக்கொண்டிருந்தால் நின்றுவிடுங்கள், அது எந்த நொடியும் விறைக்கும், கணுக்காலை வாரிவிடும்.

நானும் ஒருநாள் அப்படி நின்றேன். "சும்மா நிக்கியளே சார், ஒரு கை பிடியுங்க" என்றார் ஒரு பெரியவர். முக்கால் மணி நேரம் இழுத்தேன். அன்று ஓடியது இரண்டு கி.மீ.கூட இருக்காது, உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு பை சாளை மீன் இருந்தது.