லேசர் கண் சிகிச்சை: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. ஒரு இடத்தில் லேசிக் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் இரண்டு மடங்கு விலைக்கு ஸ்மைல் என்கிறார்கள். இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். எதை எடுப்பது?

பதில்: இன்று கட்டாதீர்கள். எந்த முறை சரி என்பதை மகளின் கருவிழிதான் சொல்ல வேண்டும், விலைப்பட்டியல் அல்ல.

கணக்கு இதுதான். கருவிழியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லேசிக்கில் மேலே சுமார் 110 மைக்ரான் தடிமனுள்ள ஒரு மெல்லிய மூடியைத் திறந்து, அடியில் உள்ள திசுவை லேசரால் நீக்குவார்கள். ஒரு பவருக்கு ஏறத்தாழ 15 மைக்ரான் என்றால் மைனஸ் 6-க்கு 90 போகும். மிச்சம் 250-க்குக் கீழே இறங்கவே கூடாது. கவனமான மருத்துவர்கள் 300 இருக்கட்டும் என்பார்கள். 540 உள்ள கண்ணில் 340 நிற்கும், கவலையில்லை. அதே பவர், 480 உள்ள கண் என்றால் 280தான். அங்கே லேசிக் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரை நம்புங்கள்.

அப்படிப்பட்ட கண்ணுக்கு பிஆர்கே என்ற இன்னொரு லேசர் முறை பொருந்தலாம். மூடி கிடையாது; மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டு அடியில் லேசர் செய்வார்கள், மேல்தோல் திரும்ப வளர்ந்துவிடும். மூன்று நான்கு நாள் எரிச்சலும் வலியும் இருக்கும், பார்வை முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகும். ஸ்மைலில் சில மில்லிமீட்டர் கீறல் வழியே உள்திசுவை உருவி எடுப்பதால், அடிபட்டு மூடி நகர்ந்துவிடும் என்ற பயமில்லை. ஆனால் பிறகு கொஞ்சம் பவர் மிஞ்சினால் பெரும்பாலும் வேறு முறையில்தான் திருத்துவார்கள். விலை இரட்டிப்பு என்பதால் பார்வையும் இரட்டிப்பாகத் தெளிந்துவிடாது.

தடிமனைவிட முக்கியமானது வடிவம். கருவிழி கூம்பாகத் தொடங்கியிருக்கும் கண்ணில் லேசர் செய்தால் அது மேலும் பலவீனமாகிப் புடைக்கும். அந்த மங்கலைச் சாதாரணக் கண்ணாடி சரிசெய்யாது. இதைக் கண்டுபிடிப்பது பென்டகாம் போன்ற கருவிழி வரைபடப் பரிசோதனை. கண்ணை அடிக்கடி கசக்கும் பழக்கமோ, வருடா வருடம் ஏறும் சிலிண்டர் பவரோ மகளுக்கு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் பரிசோதனைக்கு முன் சாதா லென்ஸை ஒன்றிரண்டு வாரமும், கடின லென்ஸை மூன்று நான்கு வாரமும் கழற்றி வைக்க வேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழி தன் இயல்பான வடிவத்தைக் காட்டாது. "லென்ஸைக் கழற்றுங்கள், இப்பவே டெஸ்ட், நாளைக்கு ஆபரேஷன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பவர் ஒரு வருடமாக அரைக்கு மேல் மாறாமல் இருப்பதற்குப் பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். சொட்டு மருந்து போட்டு விழித்திரையையும் பார்க்க வேண்டும். பவர் அதிகமுள்ள கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கலாம், அதை இந்த லேசர் சரிசெய்யாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டால் மறைக்காதீர்கள். கண் வறட்சி கூடும்.

விலையை எழுத்தில் வாங்குங்கள்: ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, பரிசோதனை, சொட்டு மருந்து, மறுபரிசோதனை எல்லாம் சேர்த்தா? "வாழ்நாள் உத்தரவாதம்" என்றால், மறுமுறை செய்ய கருவிழியில் தடிமன் மிஞ்சாதபோது என்ன தருவார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?

பதில்: பவர் 7.5-க்குக் குறைவு என்றால் கிடைக்காது. பாலிசிகளில் பொதுவாக உள்ள விலக்கு இது. 7.5-ம் அதற்கு மேலும் என்றால் காத்திருப்புக் காலத்தைப் பார்த்துவிட்டு, முன் அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எனக்கு 43 வயது, மைனஸ் 2. செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாமா?

பதில்: தூரத்துக்கு வேண்டியிருக்காது. படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். மைனஸ் 2 உள்ள நீங்கள் இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறீர்கள் என்றால், அந்த வசதி போய்விடும். இதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: லேசர் செய்து ஐந்து மாதம் ஆகியும் கண் உறுத்துகிறது, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. ரிப்போர்ட் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: வறட்சியும் வளையமும் ஆறு மாதம் வரை இருப்பது உண்டு, அது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. முன்பு எடுத்த வரைபடத்தில் கூம்பு தெரிந்தும் செய்தார்களா, பக்கவிளைவைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினார்களா என்பதுதான் வழக்கின் உயிர். அதற்கு ஆவணம் வேண்டும். நோயாளி கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. பதிவுத் தபாலில் கேளுங்கள். பிறகு இன்னொரு மருத்துவரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்குங்கள். பாதிப்பு தெரிந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கட்டியது 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு இல்லாவிட்டாலும் அந்த ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கண்புரைக்கு வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் உதவும்.

கேள்வி: ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் படிக்கிறேன். இப்போது செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பார்வைக் குறைபாட்டுக்கு லேசிக் உட்பட எந்த அறுவை சிகிச்சை செய்தவரும் அந்தப் பணிக்குத் தகுதியில்லை என்று தேர்வு அறிவிப்பிலேயே இருக்கிறது. ராணுவம், காவல் துறைக்கு முயல்பவர்களும் அந்தந்த அறிவிப்பின் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.