முறம் பிடித்த கை

வண்ணப் பெட்டி: வாசகர் கேள்விகளுக்கு, முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரின் பதில்கள்

கேள்வி: ஐயா, நான் கடலூரில் கல்லூரியில் படிக்கிறேன். சொந்த ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். எங்கள் ஆயா செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக வரைந்து வருகிறேன். நெல் அவிப்பது, முறத்தில் புடைப்பது, வறட்டி தட்டுவது என்று பதினாறு படம் ஆகிவிட்டது. ஒரு போட்டிக்கு அனுப்பினேன். 'பாடப்புத்தகத்துப் படம் மாதிரி இருக்கிறது, இதில் கலை எங்கே' என்று கேட்டார்கள். அமெரிக்காவில் பியூப்லோ இனத்துப் பெண் ஒருவர் சின்ன வயதில் தன் ஊர் வேலைகளை இப்படித்தான் வரைந்தார் என்று கைப்பேசியில் பார்த்தேன். அவர் யார்? நான் இதை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது வரையலாமா?
(மாணவி, நெல்லிக்குப்பம்)

பதில்: நிறுத்தாதே அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ பார்த்தது பப்லிட்டா வெலார்டேயின் படங்களாக இருக்க வேண்டும். 1918-இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சான்ட்டா க்ளாரா பியூப்லோவில் பிறந்தவர். (பியூப்லோ என்பது அந்த மக்களின் பெயர், அவர்கள் ஊருக்கும் அதே பெயர்தான்.) வீட்டில் வைத்த பெயர் ட்ஸே ட்ஸான். அவர்களுடைய டெவா மொழியில் 'பொன் விடியல்' என்று பொருள். பப்லிட்டா என்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். சிறு வயதிலேயே தாய் காசநோயில் போய்விட்டார். குழந்தைப் பருவத்தில் இவருக்கே கண்ணில் நோய் வந்து, கொஞ்ச காலம் பார்வை இல்லாமல் இருந்து, பிறகு திரும்பியது. திரும்பியதும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு தனக்கு வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் படத்தில் ஒரு பானையின் கழுத்துக் கோட்டையோ, ஒரு பெண்ணின் இடுப்புக் கச்சையின் நெசவையோ பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைதான் நினைவுக்கு வரும்.

1932-இல் சான்ட்டா ஃபே நகரத்து 'இந்தியப் பள்ளி'யில், அதாவது அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான பள்ளியில், டொரொதி டன் என்ற ஆசிரியை ஓவிய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பப்லிட்டாவுக்கு அப்போது பதினான்கு வயது. முதல் மாணவிகளில் ஒருவர். ஊரில் இது எளிதில் ஒப்புக்கொள்ளப்படவில்லை. பெண் என்றால் பானை வனைய வேண்டும், படம் வரைவது ஆண்களின் வேலை என்பது அங்கே வழக்கம். அவருக்கு முன்னால் அந்த வழக்கத்தை மீறியவர் டொனிட்டா பெனியா என்ற இன்னொரு பியூப்லோ பெண். அவர் இருந்தது இவருக்குத் தெம்பு.

இனி உன் கேள்விக்கு நேராக வரும் இடம். 1939-இல் பேண்டலியர் என்னும் தேசிய நினைவிடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறையைக் குடைந்து பியூப்லோ மக்களின் முன்னோர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. பார்க்க வருகிறவர்களுக்கு 'இந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள்' என்று விளக்கப் படங்கள் வேண்டும் என்றார்கள். பார், பாடப்புத்தக வேலைதான்! இடையிடையே நிறுத்தி, 1945 வரை அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் கலந்த வண்ணம், மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் பலகை. வேட்டை, அறுவடை, பானைத் தொழில், ஊர்த் தலைவர்களின் கூட்டம், நடனங்கள். தெரியாததை ஊகித்து நிரப்பாமல், ஊருக்குப் போய்த் தகப்பனாரிடமும் பெரியவர்களிடமும் கேட்டார். அந்தப் படங்களை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அதே வட்டாரத்தில், அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே, வெளியூர் ஓவியர்கள் பலர் குடியேறிப் பியூப்லோ மக்களை வரைந்துகொண்டிருந்தார்கள். 1898-இல் இரண்டு ஓவியர்களின் வண்டிச் சக்கரம் டாவோஸ் ஊருக்கு அருகே உடைந்துபோக, அதைச் செப்பனிட வந்த இடத்தில் மயங்கி, ஒருவர் அங்கேயே தங்கிவிட்ட கதை அங்கே பிரசித்தம். 1915-இல் சங்கமே அமைத்தார்கள். அவர்களில் கூஸ் என்பவர் வரைந்த படங்கள் ரயில்வே கம்பெனியின் காலண்டர்களில் அமெரிக்கா முழுக்கப் போயின. ஒருவர் குந்தியிருப்பார், முகத்தில் நெருப்பு வெளிச்சம் விழும், தசை ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரியும். கை தேர்ந்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மனிதர் கூலிக்கு மாடலாக உட்கார்ந்திருக்கிறார் என்பதை என்னால் மறக்க முடிவதில்லை.

பப்லிட்டாவின் ஊரில் மக்காச்சோளம் அரைப்பதை எடுத்துக்கொள். நம் அம்மி குழவி போன்ற கல்தான். ஆனால் சரிவாகப் பதித்திருப்பார்கள். பெண்கள் அதன் பின்னால் மண்டியிட்டு, உடம்பின் எடையைத் தோள் வழியாக இறக்கி, குழவியை முன்னுக்குத் தள்ளுவார்கள். ஒரே கல் போதாது. சொரசொரப்பானது, நடுத்தரம், வழவழப்பானது என்று வரிசையாக இருக்கும். முதல் கல்லில் உடைந்தது அடுத்த கல்லுக்கு நகரும். அரைக்கும்போது ஆண்கள் பாடுவதும் உண்டு. அந்தக் கல்லின் முன் மண்டியிட்டு முட்டி நோவு கண்டவளுக்கு, எந்தக் கல்லில் எந்த அளவு மாவு கிடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

உன் பதினாறு படத்தையும் நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆயா புடைக்கிற படத்தில் முறம் எப்படி இருக்கிறது? என் அம்மா உமி போகப் புடைப்பார், நொய் பிரிய நாவுவார். புடைக்கையில் முறம் எகிறி இறங்கும். நாவுகையில் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் கட்டைவிரல் இருக்கும் இடம் வேறு, தோள் நிற்கும் விதம் வேறு. உன் படத்தைப் பார்த்து ஆயா 'இது புடைக்கிறது இல்லடி, நாவுறது' என்று சொன்னாரானால் நீ ஜெயித்துவிட்டாய். ஒன்றும் சொல்லாமல் 'நல்லாருக்கு' என்றாரானால், முறத்தை அவர் கையிலிருந்து வாங்கி நீயே ஒரு படி அரிசியைப் புடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வரை. 'கலை எங்கே' என்று கேட்டவர்களுக்கு முறம் பிடிக்கத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு செய்தி, எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்காக. 1954-இல் பிரெஞ்சு அரசு பப்லிட்டாவுக்குக் கல்வி, பண்பாட்டுப் பணிக்கான 'பால்ம் அகாடெமிக்' விருது கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல் இந்தியாவோடு இணைவது பற்றிக் கீழூரில் வாக்கெடுப்பு நடந்து, நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விடைபெற்றது. இங்கே பிரெஞ்சு வாத்தியார்கள் பெருமையாகச் சொல்லும் அந்த விருதின் பெயர், மண் வீட்டில் பிறந்து மண்ணை அரைத்துப் படம் போட்ட ஒரு பெண்ணோடும் சேர்ந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கேள்வி: பப்லிட்டா படித்த அந்தப் பள்ளியில், தூரத்தில் இருப்பதைச் சிறிதாகக் காட்டும் பெர்ஸ்பெக்டிவ், நிழல் எதுவும் இல்லாமல் தட்டையாக வரையச் சொன்னார்களாமே? பிள்ளைகளுக்கு அப்படிக் கற்றுக்கொடுப்பது சரியா?
(ஆசிரியர், வில்லியனூர்)

பதில்: உண்மைதான். தெளிவான வெளிக்கோடு, உள்ளே சமமான வண்ணம், பின்னால் வானமோ மலையோ இல்லாத வெறும் தாள். உங்கள் பானையிலும் பழைய சுவரோவியங்களிலும் இருக்கிற வழியிலேயே வரையுங்கள் என்று டன் அம்மையார் ஊக்குவித்தார். தங்கள் மொழியைப் பேசக்கூடப் பிள்ளைகளை விடாத உறைவிடப் பள்ளிகளின் காலம் அது. அந்த நாளில் 'உன் வீட்டில் இருப்பதை வரை' என்று ஒரு ஆசிரியை சொன்னது பெரிய காரியம்.

அங்கே படித்த நவஹோ மாணவர் ஹாரிசன் பெகேயின் படங்களையும் தேடிப் பாருங்கள். நவஹோ மக்கள் ஆடு மேய்ப்பவர்கள், கம்பளம் நெய்பவர்கள். பெகேயின் தாளில் குதிரை பாயும், ஆட்டு மந்தை ஒதுங்கும், தறிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தரை என்று காட்ட அடியில் ஒரு திட்டு மண்ணும் இரண்டு புதரும் போதும் அவருக்கு. ஆடுகள் அதிகம் என்று சொல்லி நவஹோ மந்தைகளை அரசாங்கமே குறைத்துக்கொண்டிருந்த 1930-களில் படித்து வளர்ந்த கை அது. அவருடைய ஆடுகள் அத்தனை மென்மையாக இருப்பதை நான் அந்த இழப்போடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

ஆனால் அதே பாணி நாளடைவில் விலங்காகவும் ஆனது. 'இந்தியர் என்றால் இப்படித்தான் வரைய வேண்டும்' என்று வாங்குகிறவர்களும் போட்டி நடத்துகிறவர்களும் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். அடுத்த தலைமுறை முட்டி மோதி வெளியே வந்தது. பப்லிட்டாவின் மகள் ஹெலன் ஹார்டினே தாயின் வழியை விட்டு, வட்டமும் கோணமுமாகத் தனி வழி போட்டவர்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வைத்திக்குப்பம் கடற்கரையின் மாசி மகத் தீர்த்தவாரியை வகுப்பில் வரையச் சொன்னேன். ஒரு மீனவப் பையன், கடலோரம் வந்து நின்ற சாமிகள் அத்தனையையும் ஒரே அளவில் வரிசையாக நிறுத்தியிருந்தான். 'தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், இது தெரியாதா' என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பல வருஷம் கழித்து இந்தப் பள்ளியின் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பல்லக்குத் தூக்குகிற வீட்டுப் பிள்ளை அவன். எந்த ஊர்ச் சாமியும் அவனுக்குச் சின்னதாகத் தெரிந்திருக்காது. இன்றைக்கும் அந்த மதிப்பெண் எனக்கு வலிக்கிறது.

பெர்ஸ்பெக்டிவைக் கற்றுக்கொடுங்கள் சார், அது ஒரு நல்ல கருவி. பிள்ளை அதைப் பயன்படுத்தாவிட்டால் ஏன் என்று கேட்ட பிறகு மதிப்பெண் போடுங்கள்.

கேள்வி: நவஹோ மக்களின் மணல் ஓவியம் நம் கோலம் மாதிரிதானே? இரண்டும் அன்றைக்கே அழிந்துவிடுகிறதே!
(இல்லத்தரசி, மஞ்சக்குப்பம்)

பதில்: விரலிடுக்கில் பொடியை வழியவிடும் அந்தக் கை ஒன்றுதான், அம்மா. மற்றது வேறு. நம் கோலம் வாசலில் இருக்கிறது. தெருவில் போகிற எல்லோருக்கும் அது வணக்கம் சொல்கிறது. மணல் ஓவியம் நோய் தீர்க்கும் சடங்கின் ஒரு பகுதி. சடங்குப் பாடகர் பாட்டுகளோடு அதை அமைப்பார். நோயாளி அதன் மேலேயே உட்காருவார். சடங்கு முடிந்ததும் கலைத்து மணலை வெளியே கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளை கிழக்கு, நீலம் தெற்கு, மஞ்சள் மேற்கு, கறுப்பு வடக்கு என்று திசைக்கு ஒரு நிறம். காட்சிக்கோ விற்பனைக்கோ செய்கிறவர்கள் வேண்டுமென்றே சில விவரங்களை மாற்றிவிடுவார்கள். பியூப்லோக்கள் பலவற்றில் நடனத்தின்போது போட்டோ எடுக்கவோ பென்சிலால் கிறுக்கவோ கூடாது. எதை வரையக் கூடாது என்பதும் ஒரு ஓவியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: 'செவ்விந்தியர்' என்று எழுதலாமா?
(வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: வேண்டாம். தோல் நிறத்தை வைத்து இட்ட பெயர் அது. நவஹோ, பியூப்லோ, ஹோபி என்று அந்தந்த மக்களின் பெயரைச் சொல்லுங்கள். நவஹோக்கள் தங்களை 'தினே' என்பார்கள். மக்கள் என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் குடும்பம் சுடுமண் வேலை செய்கிறது. பப்லிட்டா ஊர்க் கறுப்புப் பானைகளைப் படத்தில் பார்த்தேன். கறுப்புச் சாயமா?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: சாயமே இல்லை தம்பி. வனைந்ததும் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சூளை எரியும்போது பொடித்த சாணத்தைக் கொட்டி மூடிவிட்டால் காற்று போகாது. புகையின் கரி மண்ணில் ஏறிப் பானை கறுத்துவிடும். உங்கள் வீட்டில் இருக்கிற சக்கரமும் அவர்களிடம் கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றிச் சுற்றி அடுக்கி, கையாலேயே சுவர் எழுப்புவார்கள். சான்ட்டா க்ளாரா, சான் இல்டெஃபோன்சோ இரண்டு ஊர்களும் இந்தக் கறுப்புக்குப் பேர்போனவை.

கேள்வி: பப்லிட்டா மண்ணிலிருந்தே வண்ணம் செய்தாராமே? நம் பக்கத்து மண்ணில் முடியுமா?
(பள்ளி மாணவன், லாசுப்பேட்டை)

பதில்: முடியும், செய்திருக்கிறேன். அவர் பிற்காலத்தில் கல்லையும் மண்ணையும் பொறுக்கி வந்து, அந்த ஊர் அம்மியில் அரைத்து, நீரும் பசையும் சேர்த்து வரைந்தார். நமக்குக் குயிலாப்பாளையம் பக்கத்துச் செம்மண் இருக்கிறது. 'கடலூர் மணற்கல்' என்று புவியியல்காரர்கள் பெயர் வைத்திருக்கும் பாறையிலிருந்து வந்தது. இரும்பு அதிகம், அதனால்தான் அந்தச் சிவப்பு. இரண்டு கை மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கு. மணல் அடியில் தங்கியதும் மேலே உள்ள கலங்கலை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி இன்னொரு பாத்திரத்தில் ஊற்று. ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேல் நீரை இறுத்துவிட்டால் அடியில் வெண்ணெய் போல ஒரு படலம் இருக்கும். அதை நிழலில் காயவைத்து அம்மியில் பொடி பண்ணு. நாட்டு மருந்துக் கடையில் வேலம்பிசின் வாங்கி ஊறவைத்த நீரில் குழைத்துக்கொள். பிசின் குறைந்தால் படம் உதிரும், கூடினால் வெடிக்கும். முதலில் ஒரு அட்டைத் துண்டில் தடவிப் பார். ஈரத்தில் தெரிகிற அடர்த்தி காய்ந்தபின் இருக்காது, வெளுத்துவிடும். பப்லிட்டாவும் ஒரே இடத்தில் பல பூச்சுகள் கொடுத்தவர்தான். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்ததைப் போடு.